கம்ப்யூட்டருக்குள் எரியும் தீப்பந்தம்!

குட்டி நண்பர்களே, அம்மா ஆற்றித் தந்த பால் சூடாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? டம்ளரை விரலால் தொட்டுப் பார்ப்பீர்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். எதன் சூட்டை அறிய வேண்டுமானாலும் அதைத் தொட்டாக வேண்டும், அல்லது அதற்குள் ஒரு கருவியை நுழைத்தாக வேண்டும், இல்லையா?

சரி, இப்போது ஒரு கேள்வி. ஒரு மேஜையின் மேல் சின்னதாக ஒரு நெருப்பு எரிகிறது. அதன் உயரம் உங்கள் கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஆனால் சூடோ சுமார் 10,000 டிகிரி வரை! சூரியனின் மேற்பரப்பே கிட்டத்தட்ட 5,500 டிகிரி செல்சியஸ்தான். இந்த நெருப்புக்குள் எந்தக் கருவியை நுழைப்பீர்கள்? உலோகங்களிலேயே அதிகச் சூடு தாங்குவது டங்ஸ்டன். அதுவும் 3,422 டிகிரியில் உருகிவிடும்!

இந்த நெருப்பின் பெயர் 'மின்தூண்டல் பிளாஸ்மா டார்ச்'. டார்ச் என்றதும் பேட்டரி போட்டு அடிக்கும் டார்ச் லைட்டை நினைத்துவிடாதீர்கள். இது தீப்பந்தம்! இதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். இதைப் போலவே இன்னொரு தீப்பந்தத்தை கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். அது எப்படி என்று பார்ப்போமா?

நான்காவது நிலை

ஐஸ் கட்டியைச் சூடாக்கினால் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கினால் ஆவி. திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகள். இது பள்ளியில் படித்ததுதான். வாயுவை இன்னும் இன்னும் சூடாக்கிக்கொண்டே போனால்? அதில் உள்ள அணுக்கள் ஒன்றோடு ஒன்று வேகமாக மோதிக்கொள்ளும். மோதுகிற வேகத்தில் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். இப்படி எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கும் சூடான வாயுதான் பிளாஸ்மா. சூரியன் முழுக்கப் பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா.

சாதாரண வாயுவில் மின்சாரம் பாயாது. பிளாஸ்மாவில் பாயும். இந்த ஒரு குணத்தை மறந்துவிடாதீர்கள். கதையின் சாவியே இதுதான்.

சமையலறையில் இருக்கும் அண்ணன்

உங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறதா? அதன் கண்ணாடித் தட்டுக்கு அடியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதில் மின்சாரம் படுவேகமாகத் திசை மாறி மாறி ஓடும். அதனால் சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப் புலம் பக்கத்தில் உள்ள உலோகத்தில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். இதுதான் மின்தூண்டல். பாத்திரத்தின் அடியில் அந்த மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓட, பாத்திரம் தானே சூடாகிறது. தீ இல்லை, புகை இல்லை!

பிளாஸ்மா டார்ச்சிலும் இதேதான் நடக்கிறது. கண்ணாடி போன்ற ஒரு குவார்ட்ஸ் குழாய். குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர். அதன் வெளியே செம்புக் குழாயால் ஆன சுருள், சாதாரணமாக மூன்று சுற்று. குழாய்க்குள் ஆர்கான் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். பாத்திரத்தின் இடத்தில் இங்கே இருப்பது வாயு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி போடும். இந்தச் சுருளில் ஓடும் மின்சாரம் எத்தனை சுழற்சி போடும் தெரியுமா? பல கருவிகளில் விநாடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம்!

ஆனால் அது சாப்பிடும் மின்சாரம் 1,000 முதல் 1,500 வாட் வரைதான். கிட்டத்தட்ட இண்டக்ஷன் அடுப்பு அளவு! அடுப்பில் அந்தச் சக்தி கனமான பாத்திரத்துக்கும் அதிலுள்ள குழம்புக்கும் பிரிந்து போகிறது. இங்கே கட்டை விரல் அளவு வாயுவுக்கே எல்லாம் போகிறது. அதனால்தான் அத்தனை சூடு.

அப்படியானால் குவார்ட்ஸ் குழாய் உருகாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! குழாயின் உட்சுவரை ஒட்டிக் குளிர்ந்த ஆர்கான் ஒரு திரை போல ஓடுகிறது. அந்தத் திரை விலகினால் குழாய் உருகிவிடும்.

முதல் பொறி

சாதாரண வாயுவில் மின்சாரம் பாயாது என்று சொன்னோம் அல்லவா? குளிர்ந்த ஆர்கானைச் சுருளுக்குள் வைத்தால் ஒன்றுமே நடக்காது. மின்சாரம் பாய்ந்தால்தான் சூடாகும். சூடாக இருந்தால்தான் மின்சாரம் பாயும். முட்டை முதலா, கோழி முதலா என்ற கதைதான்!

இந்தச் சிக்கலை அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ரீட் எளிதாகத் தீர்த்தார். அவர் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். சுருளின் நடுவே ஒரு கிராஃபைட் குச்சியை நீட்டினார். பென்சிலில் எழுதும் கரி இருக்கிறதே, அது கிராஃபைட் கலந்ததுதான். அதில் மின்சாரம் பாயும். குச்சி பழுக்கக் காய்ந்தது. சுற்றியிருந்த ஆர்கானும் சூடாகி மின்சாரம் கடத்த ஆரம்பித்தது. உடனே குச்சியை வெளியே எடுத்துவிட்டார். நெருப்பு தானாக எரிந்தது! ஓடும் வாயுவில் நிலையாக எரியும் இந்த டார்ச்சைப் பற்றி அவர் 1961-ல் எழுதினார். அதை வைத்து படிகங்களையும் வளர்த்தார்.

இப்போதைய ஆய்வுக்கூடக் கருவிகளில் குச்சிக்குப் பதில் ஒரு மின்பொறி. அவ்வளவுதான்.

வடை போல ஒரு நெருப்பு

ரீட் ஏற்றிய தீப்பந்தம் சீக்கிரமே வேறு வேலைக்கும் வந்தது. 1964-ல் இங்கிலாந்தில் ஸ்டான்லி கிரீன்ஃபீல்டின் குழு, 1965-ல் அமெரிக்காவின் அயோவாவில் வெல்மர் ஃபாஸலின் குழு. இரண்டும் அதை வைத்து, ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வழியைக் காட்டின.

கேஸ் அடுப்புத் தீயில் உப்புத் தண்ணீர் தெறித்தால் மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் நிறம். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனித்தனி ஒளி உண்டு. தண்ணீரைப் புகை போலத் தெளித்து பிளாஸ்மாவுக்குள் அனுப்பினால், அதில் உள்ள எல்லாத் தனிமங்களும் தங்கள் ஒளியைக் காட்டிவிடும்.

குடிதண்ணீரில் ஈயம் கலந்தால் அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ருசியிலும் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காகப் பிரித்தால் வருமே, அதில் ஒரே ஒரு பங்கு! அதையும் கண்டுபிடிக்க இந்தத் தீப்பந்தம் உதவுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இத்தனை வேகமாகத் திசை மாறும் மின்சாரம் பிளாஸ்மாவின் வெளி ஓரத்திலேயே சுற்றி ஓடும். நடுவுக்குள் அவ்வளவாகப் போகாது. அதனால் ஓரம் அதிகச் சூடு, நடு கொஞ்சம் குறைவு. நடுவில் வாயுவைச் செலுத்தினால் அங்கே ஒரு ஓட்டை விழும். நெருப்பு அச்சு அசலாக ஒரு மெது வடை! தெளித்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது.

ஓட்டை சரியாக விழாவிட்டால்? தண்ணீர்த் துளிகள் வடையைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விடும். ஈயம் இருந்தும் 'இல்லை' என்று கருவி சொல்லிவிடலாம். ஆகவே உள்ளே வாயு எப்படி ஓடுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

நெருப்பின் ஒளியை வெளியிலிருந்து ஆராய்ந்து வெப்பநிலையைக் கணிக்க முடியும். ஆனால் மிகச் சூடான பகுதி சுருளுக்குள் மறைந்திருக்கிறது. வாயு ஓடும் பாதையும் மின்சாரம் சுற்றும் பாதையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

கட்டம் போட்ட நோட்டு

ஒரு முள்ளங்கியை நீளவாக்கில் நடுவே வெட்டினால், எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். டார்ச்சும் உருண்டையான குழாய்தானே? அதனால் அதன் ஒரு பாதி வெட்டை மட்டும் வரைந்தால் போதும். அதன் மேல் கணக்கு நோட்டு போலக் கட்டங்கள் போடுகிறார்கள். உதாரணமாக நெடுக 100, குறுக்கே 50 என்றால் மொத்தம் 5,000 கட்டங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் சில சட்டங்கள் உண்டு.

* உள்ளே வந்த வாயு வெளியே போயாக வேண்டும். நடுவில் காணாமல் போகக் கூடாது.

* வந்த சூடு, போன சூடு, மின்சாரத்தால் உண்டான சூடு, ஒளியாகக் கசிந்த சூடு எல்லாவற்றுக்கும் வீட்டு வரவு செலவு போல் கணக்கு நேராக வேண்டும்.

* தள்ளினால் நகர வேண்டும். இது நியூட்டன் சொன்னது.

* மின்சாரமும் காந்தமும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் எழுதிய விதிகளின்படி நடக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத்தான் தன் எண்ணை எழுத முடியும். பக்கத்துக் கட்டமோ இதைப் பார்த்து எழுதும்! அப்புறம் எப்படி ஆரம்பிப்பது? ஒரு குத்துமதிப்பான எண்ணை எழுதிவிட்டு, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்!

ஒரு இரும்புக் கம்பியின் இடது முனை கொதிக்கும் தண்ணீரில், வலது முனை ஐஸில் இருக்கிறது என்று வையுங்கள். நோட்டில் வரிசையாக 5 கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் 100, கடைசியில் 0. இவை இரண்டும் மாறவே மாறாது. நடு மூன்றில் இப்போதைக்கு 0 என்று எழுதுங்கள்.

இப்போது இடமிருந்து வலமாக, நடுக் கட்டம் ஒவ்வொன்றிலும் அதன் இரு பக்கத்து எண்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து எழுதுங்கள்.

முதல் சுற்றில் 50, 25, 12.5 வரும்.

இரண்டாம் சுற்றில் 62.5, 37.5, 18.75.

மூன்றாம் சுற்றில் 68.75, 43.75, 21.875.

அடுத்தடுத்த சுற்றுகளை நீங்கள் போடுங்கள். எண்கள் மெல்ல மெல்ல 75, 50, 25-ஐ நெருங்கி, அங்கேயே நின்றுவிடும். சூடு கம்பி நெடுகச் சீராகக் குறையும் என்பதுதான் விடை! முதலில் எழுதிய 0, 0, 0 தப்புதான். ஆனால் திருத்தித் திருத்திச் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம். வேண்டுமானால் 0-வுக்குப் பதில் 10, 10, 10 என்று ஆரம்பித்துப் பாருங்கள். அதே விடைக்குத்தான் வருவீர்கள்.

நீங்கள் போட்டது 3 கட்டம். கம்ப்யூட்டர் 5,000 கட்டங்களில் வெப்பநிலை, வேகம், அழுத்தம், மின்சாரம் என்று எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான சுற்று திருத்துகிறது.

கம்ப்யூட்டருக்கும் ஒரு கிராஃபைட் குச்சி!

கம்பிக் கணக்கில் எந்த எண்ணிலிருந்து ஆரம்பித்தாலும் பரவாயில்லை. ஆனால் பிளாஸ்மா கணக்கு அப்படி இல்லை. எல்லாக் கட்டங்களிலும் வாயு குளிர்ந்திருக்கிறது என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? குளிர்ந்த வாயுவில் மின்சாரம் பாயாது. மின்சாரம் இல்லையென்றால் சூடும் இல்லை. கம்ப்யூட்டர் எத்தனை சுற்று திருத்தினாலும் வாயு குளிர்ந்தே கிடக்கும். கணக்கில் ஒரு தப்பும் இருக்காது. ஆனால் தீப்பந்தம் எரியாது!

அதனால் கணக்குப் போடுபவர், "நடுக் கட்டங்களில் ஏற்கனவே பல ஆயிரம் டிகிரி சூடு இருக்கிறது" என்று எழுதிவிட்டு ஆரம்பிக்கிறார். அது உண்மையான எண் இல்லை. ரீட் நீட்டினாரே, அந்தக் கிராஃபைட் குச்சி போல ஒரு தூண்டுகோல். கணக்கு சூடு பிடித்ததும் அந்தப் பொய் எண் திருத்தத்தில் கரைந்துவிடும். உண்மையான எண் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிஜ நெருப்புக்கும் பொறி வேண்டும், கணக்கு நெருப்புக்கும் பொறி வேண்டும். ஆச்சரியமாக இல்லையா?

பின்னால் ஓடிய வாயு

கனடா நாட்டின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் மாஹெர் பூலோஸ் என்ற பேராசிரியர் இப்படித்தான் 1976-ல் தீப்பந்தத்தின் உட்புறத்தைக் கணக்கால் வரைந்து காட்டினார். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு வராத காலம் அது.

அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் தெளிவாகத் தெரிந்தது. வாயு மேலிருந்து கீழே போகிறது அல்லவா? ஆனால் நெருப்பின் தலைப் பகுதியில் அது திரும்பி மேலே ஓடியது! வந்த வழியே ஏன் திரும்ப வேண்டும்?

பிடி கொழுக்கட்டை செய்யும்போது பார்த்திருக்கிறீர்களா? மாவைக் கைக்குள் வைத்து அழுத்தினால், கைக்கு மேலேயும் பிதுங்கும், கீழேயும் பிதுங்கும். இங்கே சுருளின் காந்தப் புலம்தான் கை. மின்சாரம் ஓடும் பிளாஸ்மாவை அது எல்லாப் பக்கமும் சுற்றி நின்று உள்நோக்கி அழுத்துகிறது. நடுவில் நெருக்கடி கூடி, பிளாஸ்மா இரு பக்கமும் பிதுங்குகிறது. கீழே பிதுங்குவது ஓட்டத்தோடு போய்விடும். மேலே பிதுங்குவதுதான் வம்பு!

ஏன் வம்பு? உலோகத் தூளை இந்த நெருப்பின் வழியே விழச் செய்வார்கள். கரடுமுரடான துகள்கள் உருகி, மழைத்துளி போல உருண்டையாகி, அப்படியே குளிர்ந்து இறுகிவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு உருண்டைத் தூள்தான் வேண்டும். கடுகைக் கொட்டினால் தடையில்லாமல் உருண்டோடும், அவலைக் கொட்டினால் ஓடுமா? அதே காரணம்தான்.

தூளை மேலிருந்து சும்மா தூவினால், மேலே வரும் வாயு அதைத் தடுத்து ஓரமாகத் தள்ளிவிடும். தூள் உருகாமலே வெளியேறும், அல்லது சுவரில் ஒட்டிக் குழாயைக் கெடுக்கும். இதற்கு வழி? தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ஒரு மெல்லிய குழலை நெருப்பின் நடு வரைக்கும் இறக்கி, தூளை அங்கேயே விட்டுவிடுவதுதான். வாயு திரும்பும் இடத்தைத் தாண்டியாயிற்று. தூள் இனி நெருப்போடு போயாக வேண்டும்! பூலோஸ் பின்னர் 1990-ல் சகாவுடன் சேர்ந்து 'டெக்னா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தகைய டார்ச்சுகளையும் உருண்டைத் தூளையும் அது செய்கிறது.

முள்ளங்கி கோணலானால்?

முள்ளங்கி எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றுதான் என்றோம். ஆனால் டார்ச்சைச் சுற்றியுள்ள சுருள் ஸ்பிரிங் மாதிரி சாய்ந்து ஏறுகிறது. எல்லாப் பக்கமும் ஒன்று போல் இல்லை. கம்ப்யூட்டர்களின் வேகம் கூடியதும் முழு டார்ச்சையும் முப்பரிமாணத்தில் கணக்கிட முடிந்தது. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தினர் 2003-ல் அப்படிச் செய்து பார்த்தார்கள். நெருப்பு நட்ட நடுவில் நிற்காமல் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது! அந்தப் பக்கத்துச் சுவருக்குச் சூடு அதிகம் படும். குழாய் எங்கே பழுதாகக்கூடும் என்று, அது பழுதாகும் முன்பே இந்தக் கணக்கு எச்சரிக்கிறது.

பெரிய டார்ச் என்றால் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். பெல்ஜியத்தில் உள்ள வான் கார்மன் நிறுவனத்தில் 'பிளாஸ்மாட்ரான்' என்று ஒன்று இருக்கிறது. அதன் சக்தி 1.2 மெகாவாட். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 600 சேர்ந்த அளவு! விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்றோடு மோதிப் பயங்கரமாகச் சூடாகும். அதைக் காக்கும் கவசம் தாங்குமா என்று இதன் நெருப்பில் காட்டிச் சோதிக்கிறார்கள்.

செலவும் ஒரு காரணம். ஆய்வுக்கூட டார்ச் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஆர்கான் குடிக்கும். ஒரு நாளில் 8 மணி நேரம் எரிந்தால் 7,200 லிட்டர். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் அடைத்தால் 360 கேன்! புது மாதிரிக் குழாய் ஒவ்வொன்றையும் செய்து, எரித்து, உடைத்துப் பார்ப்பதற்குப் பதில் முதலில் கம்ப்யூட்டரில் எரித்துப் பார்க்கலாம். அங்கே உருகினால் ஒரு பைசா நஷ்டம் இல்லை.

கடைசியில் யார் நீதிபதி?

கம்ப்யூட்டர் வண்ணப் படம் போட்டுக் காட்டிவிட்டால் அது உண்மையாகிவிடுமா? ஆகாது. நாம் சொன்ன சட்டங்களை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. ஒரு சட்டத்தைத் தவறாகச் சொன்னால் அழகான ஒரு தப்பு விடையைத் தரும். அதனால் கணக்கில் வந்த வெப்பநிலையையும், நிஜ நெருப்பின் ஒளியிலிருந்து அளந்த வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் நோட்டைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து! தொட முடியாத அந்த நெருப்புதான் கடைசித் தீர்ப்பைச் சொல்லும்.

கண்ணால் பார்க்க முடியாத இடத்தைக் கணக்கால் எட்டிப் பார்க்கலாம் என்பது புரிந்ததா குட்டி நண்பர்களே? பென்சிலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அந்த 5 கட்டங்களைத் தொடருங்கள். எத்தனையாவது சுற்றில் நடுக் கட்டம் 49-ஐத் தாண்டுகிறது என்று பாருங்கள். அப்படியே, வீட்டில் அடுத்த முறை பிடி கொழுக்கட்டை பிடிக்கும்போது சமையலறைக்குப் போய் ஒரு கொழுக்கட்டை நீங்களும் பிடியுங்கள். மாவு எந்தெந்தப் பக்கம் பிதுங்குகிறது?